சேர்ந்து எழுத உக்காரும்போது பண்ற தப்புகள்

காலைல அஞ்சரை மணி, கூகுள் மீட்ல அஞ்சு கட்டம், எல்லார் மைக்கும் ம்யூட், ஒருத்தங்க வீட்ல பின்னாடி ஃபேன் சுத்தறது தெரியுது, இன்னொருத்தங்க தலை மட்டும் குனிஞ்ச மாதிரி தெரியுது, அவ்ளோதான். நாங்க மூணு வருஷமா இப்படித்தான் எழுதறோம். தனியா உக்காந்தா பத்தாவது நிமிஷம் எந்திரிச்சுப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பாக்கற நான், அந்தக் குனிஞ்ச தலையப் பாத்துட்டு எந்திரிக்காம இருந்த நாள் எத்தனையோ. இதை நீங்களும் ஆரம்பிக்கணும்னு ஆசை, ஆனா நாங்க பண்ண தப்பைப் பண்ணிடாதீங்க.

முதல்ல பேச்சு. எழுதறவங்க நாலு பேரு ஒரு எடத்துல கூடினா எழுதறதப் பத்திப் பேசத்தான் தோணும், நாங்க முதல் மாசம் பூரா அதைத்தான் பண்ணோம், ஒரு மணி நேரத்துல நாப்பது நிமிஷம் அரட்டையிலயே போயிடும், மனசு நெறஞ்ச மாதிரி இருக்கும், பக்கம் காலியா இருக்கும். இப்ப உள்ள வந்ததும் சாட்ல ஒரே வரி, இன்னைக்கு என்ன எழுதப்போறேன்னு. "நாவல் எழுதப்போறேன்"னு போடக்கூடாது, "ஆஸ்பத்திரி வராண்டால அண்ணனும் தங்கச்சியும் பேசறது"ன்னு போடணும், அப்பதான் டைமர் ஓட ஆரம்பிச்சதும் எங்க தொடங்கறதுன்னு முழிக்காம கை நகரும். அப்பறம் 25 நிமிஷம் எழுத்து, 5 நிமிஷம் இடைவேளை, திரும்ப 25 நிமிஷம். இது எங்க கண்டுபிடிப்பு இல்ல, ஃப்ரான்செஸ்கோ சிரிலோன்னு ஒரு இத்தாலிக்காரர் 1980கள் கடைசில படிக்கறப்ப தக்காளி மாதிரி இருந்த ஒரு கிச்சன் டைமர வச்சுப் பண்ண பொமோடோரோ முறை. மொத்தம் 55 நிமிஷம்தான் ஆகுது, மீட்ல காசு கட்டாம மூணு பேரோ அதுக்கு மேலயோ சேர்ந்தா 60 நிமிஷத்துல கட் ஆயிடும், அதுக்குள்ள முடிஞ்சிடும். ஜூம்னா இலவசத்துல 40 நிமிஷம்தான், நடு வாக்கியத்துல அறுந்துபோச்சுன்னா திரும்ப அந்த மனநிலைக்கு வர்றது கஷ்டம், அதனால முன்னாடியே கணக்குப் போட்டுக்கோங்க.

அடுத்தது வார்த்தை எண்ணிக்கை, இதுல நாங்க நெறைய அடி வாங்கினோம். 1999ல சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் 21 பேரோட ஆரம்பிச்ச நானோரைமோங்கற நாவல் எழுதற சவால் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க (அதை நடத்தின அமைப்பை 2025ல மூடிட்டாங்க), ஒரு மாசத்துல 50,000 வார்த்தை எழுதணும், அதாவது ஒரு நாளைக்கு சுமார் 1,667. அதை அப்படியே எடுத்துட்டு வந்து தமிழ்ல எழுதறவங்க தலைல வச்சா என்ன ஆகும்? "பேசிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து"ன்னு நான் ஒரே வார்த்தையா எழுதறேன், இதையே இங்கிலீஷ்ல சொல்ல அஞ்சாறு வார்த்தை வேணும். பக்கத்துல இருக்கறவங்க அதையே "பேசிக் கொண்டிருந்தவர்களிடம் இருந்து"ன்னு பிரிச்சு அடிச்சா அவங்களுக்கு மூணு, எனக்கு ஒண்ணு. இதை வச்சு "இன்னைக்கு நான் 700, நீங்க எவ்ளோ"ன்னு கேட்டுக்கிட்டிருந்தோம், கவிதை எழுதற தங்கச்சி ஒருத்தங்க நாலு வரி எழுதிட்டு எண்ணிக்கை சொல்லக் கூச்சப்பட்டு லேட்டா வர ஆரம்பிச்சாங்க, அந்த நாலு வரி எங்க எல்லாரோட எழுத்தையும் விட நல்லா இருந்திருக்கலாம். இப்ப யாரும் எண்ணிக்கை கேக்கறதில்ல, உக்காந்த நேரம்தான் கணக்கு.

எழுதின ஈரம் காயறதுக்குள்ள வாசிச்சுக் காட்டறதையும் தயவுசெஞ்சு பண்ணாதீங்க. ஒரு தம்பி முதல் அத்தியாயத்த அப்பவே வாசிச்சாரு, இன்னொருத்தங்க நல்ல எண்ணத்துல "ஆரம்பம் கொஞ்சம் இழுக்குது"ன்னு சொன்னாங்க. சொன்னது சரியாவே இருக்கலாம், ஆனா அவரு நாலு வாரம் வரல. அந்த எடம் கூட இருக்கறதுக்கு, திருத்தறதுக்கு இல்ல. கருத்து வேணும்ங்கறவங்க ஞாயித்துக்கிழமை தனியா கூடிக்கறாங்க, கேட்டாதான் சொல்லணும்.

கேமரா கட்டாயம்னு வைக்காதீங்க. அந்த நேரத்துல சமையக்கட்டு மேடைல லேப்டாப்ப வச்சுக்கிட்டு, குக்கர் விசிலுக்கு நடுவுல எழுதறவங்க இருக்காங்க, அவங்க வீட்ட யாரும் பாக்கணும்னு இல்ல. கை மட்டும் தெரியற மாதிரி வச்சாக்கூடப் போதும்.

வெளிநாட்டுல ஆள் இருந்தா நேரத்த ரெண்டு ஊர்க் கணக்குலயும் எழுதி வைங்க. டொரண்டோல ஒரு அக்கா இருக்காங்க, நம்ம அஞ்சரை அவங்களுக்கு முந்தின நாள் ராத்திரி 8 மணி. நவம்பர் முதல் ஞாயிறு அங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளிடுவாங்க, அப்பறம் அது 7 மணி ஆயிடும். எங்களுக்குத் தோணவே இல்ல. அவங்க வழக்கம்போல 8 மணிக்கே வந்து, நாங்க கலைஞ்சு போன காலி ரூம்ல தனியா உக்காந்து எழுதிட்டுப் போயிருக்காங்க, அடுத்த நாளும் அப்படியே. மூணாவது நாள் "நிறுத்திட்டீங்களா?"ன்னு மெசேஜ் வந்தப்ப எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது. இப்ப மார்ச்சுக்கும் நவம்பருக்கும் ரிமைண்டர் போட்டு வச்சிருக்கேன்.

கடைசியா, விட்டுப்போனவங்கள விசாரணை பண்ணாதீங்க. தொடர்ந்து 40 நாள் வந்தவங்களுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்து அந்தத் தொடர் அறுந்தா, அந்த வெக்கத்துலயே திரும்ப வராம போயிடறாங்க, அதனால தொடர் எண்ணற வழக்கத்தயே எடுத்துட்டோம். போன மாசம் ஒருத்தங்க ரொம்ப நாள் கழிச்சு வந்தாங்க. சாட்ல "அத்தியாயம் 3, கிணத்தடி"ன்னு மட்டும் போட்டாங்க. ஆளாளுக்கு ஒரு வணக்கம் போட்டுட்டு டைமர ஓட விட்டோம்.