மீத்தேன் அளக்கப் போற தம்பிகளா, இந்தத் தப்பெல்லாம் வேணாம்

பர்மாவுல யெனாஞ்சாங், சவுக் பக்கம் எண்ணெய்க் கிணறுகள்ல மீத்தேன் அளக்க ரங்கூன்லேர்ந்து நம்ம பசங்க வர்றாங்க, ரொம்ப சந்தோஷம், ஆனா நாங்க ஆரம்பத்துல பண்ணின அதே தப்பையே பண்றாங்க. பேட்டரி சார்ஜ் போட மறக்கிறதெல்லாம் ஒரு தடவ பட்டா தானா சரியாகிடும், அத விட்டுடுறேன்.

பிபிஎம்ம பாத்து கசிவோட அளவச் சொல்றது

இது இன்னைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுற விஷயம். மீட்டர் காட்டுற பிபிஎம் (பத்து லட்சத்துல எத்தன பங்கு), அந்த இடத்துக் காத்துல மீத்தேன் எவ்வளவு கலந்திருக்குன்னு சொல்லும், அவ்வளவுதான், மணிக்கு எத்தன கிலோ போகுதுன்னு சொல்லவே சொல்லாது. ஒரு சைட்ல வால்வு ஸ்டெம்ல (வால்வத் திருகுற தண்டுல) மீட்டர் குழாய ஒட்டி வச்சதும் 20,000 பிபிஎம் காட்டிச்சு, பக்கத்து டேங்க்கோட ஹாட்ச் (மேல்மூடி) சரியா மூடாம கிடந்துச்சு, தம்பி கீழ நின்னே மீட்டரப் பிடிச்சாரு, 3 பிபிஎம், டேங்க் ஓகேன்னு எழுதிட்டாரு. லைன நிறுத்தி வால்வு பேக்கிங்க மாத்தினாங்க, ஒரு நாள் உற்பத்தி போச்சு, பெரிய கசிவு தலைக்கு மேல காத்தோட போய்க்கிட்டே இருந்துச்சு! இருக்கிற கசிவுகள்ல ரொம்பப் பெரிய அஞ்சு சதவீதத்துலதான் மொத்த மீத்தேன்ல பாதிக்கு மேல போகுது, அத விட்டுட்டா மத்தத அளந்து என்ன பிரயோசனம்? சின்னக் கசிவுன்னா ஆன்டிஸ்டாட்டிக் பைய சுத்திக் கட்டி எத்தன செகண்ட்ல நிறையுதுன்னு பாருங்க, 50 லிட்டர் பை 30 செகண்ட்ல நிறைஞ்சா, சுத்த மீத்தேன்னா, மணிக்குக் கிட்டத்தட்ட 4 கிலோ. தூரத்துலேர்ந்து அளந்தா காத்து வேகம் கட்டாயம் வேணும், அதையும் சைட்லயே அளக்கணும், போன் ஆப்ல பாக்காதீங்க, ஏன்னா நிஜ வேகம் நீங்க போட்டதுல பாதின்னா உங்க கணக்கும் ரெண்டு மடங்காயிடும்.

காத்து வர்ற பக்கத்த அளக்காதது

சுத்தமான காத்துலயே 1.9 பிபிஎம் மீத்தேன் இருக்கும், அதனால காத்து வர்ற பக்கம் எவ்வளவு இருக்குன்னு பாத்து அதக் கழிக்கணும். யெனாஞ்சாங்ல கையால தோண்டின பழைய கிணறுங்க எங்க பாத்தாலும் இருக்கு, அதோட மீத்தேனயும் உங்க சைட் தலையில கட்டிடாதீங்க.

வெயில மறக்கிறது

2024 ஏப்ரல்ல சவுக்ல 48.2 டிகிரி. ஒரு கனமீட்டர் மீத்தேன் 15 டிகிரில 0.68 கிலோ, 45ல 0.61தான், அதனால கிலோவா மாத்துறப்போ அன்னைக்குச் சூட்டையும் கணக்குல எடுங்க.

கேமராவுல தெரியல, அதனால கசிவு இல்ல

வாயுவும் பின்னாடி இருக்கிறதும் ஒரே சூட்டுல இருந்தா, வாயுவக் காட்டுற இன்ஃப்ராரெட் கேமராவுக்குக் கண்ணு தெரியாது. நேரம் மாத்திப் பாருங்க.

ஃப்ளேர்ல எரிச்சாச்சுன்னு விடுறது

ஃப்ளேர்னா வேண்டாத வாயுவ எரிச்சு விடுற குழாய், அதுல 98 சதவீதம் எரியும்னு போடுவாங்க, அமெரிக்காவுல விமானத்துலேர்ந்து அளந்து 2022ல வெளியிட்டப்போ சுமார் 91தான். அணைஞ்ச ஃப்ளேர்னா மொத்தமும் வெளிய.