கெழு 0.93 வந்தால் நேர்கோடு ஆகிவிடாது

பாளையங்கோட்டையில் புராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் சமர்ப்பிக்கும் நாள் நெருங்கும்போது லேப்டாப்போடு என் வீட்டுக்கு வருவார்கள். இந்த முறை வந்த நான்கு பேரில் மூன்று பேர் ஒரே காரியத்தைச் செய்திருந்தார்கள். எக்செல்லில் ஒட்டுறவுக் கெழுவை (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று மைனஸ் 1 முதல் 1 வரை சொல்லும் எண்) கணக்கிட்டு, உடனே "நேர்கோட்டுத் தொடர்பு உள்ளது" என்று எழுதியிருந்தார்கள். இரண்டு அளவுகளையும் புள்ளிகளாக வைத்துக் காட்டும் சிதறல் படம் எங்கே என்று கேட்டேன். "0.9-க்கு மேல வந்துட்டுலா சார், படம் எதுக்கு?" என்றான் ஒருவன்.

அந்த வயதில் நானும் இதையேதான் செய்தேன். அதனால்தான் எழுதுகிறேன். அச்சுக்குப் பெயர் எழுதாமல் விடுவது, அலகை மறப்பது எல்லாம் யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வீர்கள். கீழே உள்ள தவறுகள் அப்படியல்ல.

படம் போடாமல் கெழுவை நம்புவது

ராதாபுரம் பக்கம் ஒரு அண்ணாச்சி, கடன் வாங்கி, மின்சாரம் எடுக்கும் காத்தாடி (காற்றாலை) ஒரே ஒன்று போட்டிருந்தார். எந்த மாதம் எத்தனை யூனிட் எதிர்பார்க்கலாம் என்று என்னிடம் கேட்டார். காற்றின் வேகத்தையும் மின் உற்பத்தியையும் எடுத்துக் கெழு போட்டேன். 0.9-ஐத் தாண்டியது. அதற்கு மேல் யோசிக்காமல் நேர்கோடு பொருத்தி, மாதவாரியாக எழுதிக் கொடுத்தேன். அதை நம்பி அவர் வங்கித் தவணையைப் பிரித்துக்கொண்டார்.

ஆடிக் காற்றில் குறையில்லை. ஐப்பசியில் கூப்பிட்டார். "ஏ தம்பி, நீ சொன்னதுல பாதிதான் வந்திருக்கு." அந்தத் தவணையை வீட்டு நகையை அடகு வைத்துத்தான் கட்டினார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

தவறு எங்கே? வீசும் காற்றிலுள்ள ஆற்றல், வேகத்தின் மும்மடியாகக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. இது வளைவு, கோடு அல்ல. நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் 1 முதல் 10 வரை, மறுபக்கம் அவற்றின் மும்மடி, அதாவது 1, 8, 27 என்று 1000 வரை. கெழு 0.93 வரும். இப்போது நேர்கோடு பொருத்துங்கள். 5-க்கு உண்மையான மதிப்பு 125. கோடு சொல்வது ஏறக்குறைய 250. 10-க்கு 1000 வர வேண்டிய இடத்தில் 777. 1-க்கோ மைனஸ் 172! நடுத்தரக் காற்றடிக்கும் மாதங்களில்தான் கோடு அதிகமாகச் சொல்லி ஏமாற்றும். அண்ணாச்சிக்கு நடந்தது அதுதான்.

நிஜக் காத்தாடி இன்னும் சிக்கலானது. நொடிக்கு மூன்று நான்கு மீட்டர் வேகம் வரும்வரை மின்சாரமே வராது. பிறகு வேகமாக ஏறும். ஏறக்குறைய 12 மீட்டருக்கு மேல் காற்று எவ்வளவு அடித்தாலும் உற்பத்தி கூடாது. இதில் எந்த வளைவும் கெழுவில் தெரியாது. இரண்டும் சேர்ந்து ஏறுகின்றனவா, புள்ளிகள் ஒரு கோட்டை எவ்வளவு ஒட்டி நிற்கின்றன என்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். சீராக ஏறும் பல வளைவுகளுக்கும் அது பெரிய எண்ணைக் கொடுத்துவிடும்.

ஆன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் 1973-ல் 11 புள்ளிகள் கொண்ட நான்கு தொகுப்புகளைக் காட்டினார். நான்கிலும் சராசரி ஒன்று, பொருத்திய கோடு ஒன்று, கெழுவும் ஏறக்குறைய 0.816. படம் போட்டால் ஒன்றுதான் ஒழுங்கான நேர்கோட்டுத் தொடர்பு. இரண்டாவது வளைவு. மற்ற இரண்டிலும் கோட்டை இழுப்பது தனியாக நிற்கும் ஒரு புள்ளி.

படத்திலும் சந்தேகமாக இருந்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் உண்மை மதிப்பிலிருந்து கோட்டின் மதிப்பைக் கழித்து, அந்த மிச்சங்களைத் தனியே வரையுங்கள். அவை பூஜ்யத்துக்கு மேலும் கீழுமாகச் சிதறிக் கிடந்தால் சரி. கிண்ணம் போலக் குழிந்தால் உங்கள் தரவு வளைவு. நான் அன்றைக்கு இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது.

ஒற்றைப் புள்ளி

(1,1), (1,2), (2,1), (2,2). நான்கு புள்ளிகளுக்கும் கெழு பூஜ்யம். கூட (10,10) ஒன்றைச் சேருங்கள், 0.98 ஆகிவிடும்! 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவானது. நம் பக்கத்து மழைக் கணக்கில் அந்த நாள் இருந்தால் அது மட்டுமே கெழுவைத் தீர்மானித்துவிடலாம். அதற்காக அதைத் தூக்கி எறியாதீர்கள், அது நடந்த மழை. அதோடு ஒரு கெழு, அது இல்லாமல் ஒரு கெழு, இரண்டையும் எழுதுங்கள்.

பூஜ்யம் வந்தால் தொடர்பே இல்லை என்பது

மைனஸ் 3 முதல் 3 வரையிலான முழு எண்களையும் அவற்றின் வர்க்கங்களையும் போட்டுப் பாருங்கள். கெழு பூஜ்யம். தொடர்போ அப்பட்டமானது.

ஐந்தாறு புள்ளிகள்

ஐந்து புள்ளிகள்தான் என்றால், 5 சதவீத அளவில் (தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாக அவ்வளவு பெரிய கெழு வர நூற்றில் ஐந்து வாய்ப்பு என்ற வரம்பில்) 0.878-ஐத் தாண்டாத கெழுவைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காரணம் என்று எழுதுவது

குற்றாலத்தில் கூட்டம் சேரும் மாதங்களில் காத்தாடியும் நன்றாக ஓடும். அதற்காக ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்று எழுதிவிடக் கூடாது. இரண்டுக்கும் பின்னால் இருப்பது தென்மேற்குப் பருவக்காற்று.