வெளிநாட்டுப் பயணத்துக்கு டார்ச் வாங்கும்போது செய்யும் தவறுகள்

இலங்கையின் சிவனொளிபாத மலையில் நான் முதன்முதலில் ஏறியது ஒரு ஆகஸ்ட் மாதத்தில். அங்கே யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடிந்துவிடும். அந்த மாதங்களில் படி நெடுக விளக்கு எரியும், தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். மற்ற நாட்களில் நம் கையில் இருப்பதுதான் வெளிச்சம். இரவு இரண்டு மணிக்கு நல்லதண்ணியிலிருந்து கிளம்பினோம். ஊரில் ஒரு கடையில் வாங்கிய டார்ச், அட்டையில் ‘10,000 லூமென்’ என்று போட்டிருந்தது. லூமென் என்பது டார்ச் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. மழையில் நனைந்த படிகள், கூட வந்த அக்காவுக்கு முழங்கால் வலி. முன்னால் போன ஒரு குடும்பத்தின் வெளிச்சத்தை ஒட்டியே மீதிப் படிகளை ஏறினோம். அந்த இரவுக்குப் பிறகுதான் டார்ச் பற்றி உட்கார்ந்து படித்தேன்.

அட்டையில் இருக்கும் பெரிய எண்ணை நம்பி வாங்குவதுதான் முதல் தவறு. மற்ற எல்லாத் தவறுகளையும்விட இது பெரியது. அந்த எண் உண்மையா என்று கடையில் நின்றபடியே கணக்குப் போட்டுவிடலாம். இன்றைய டார்ச்சுகளில் அதிகம் வருவது 18650 என்ற லித்தியம் செல். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் அந்தப் பெயர். நல்ல செல் ஒன்றில் சுமார் 3,500 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு, 3.6 வோல்ட். பெருக்கினால் 12 வாட்-மணிக்குக் கொஞ்சம் மேலே வரும். நல்ல எல்இடி டார்ச் ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் கொடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் அந்த ஒரு செல்லில் இருப்பது மொத்தம் 1,200 லூமென்-மணி. 100 லூமெனில் எரித்தால் 12 மணி நேரம், 300 லூமெனில் 4 மணி நேரம். 10,000 லூமென் நிஜமாகவே வந்தால் ஏழே நிமிடத்தில் செல் காலி. அதற்குள் டார்ச்சைக் கையில் பிடிக்கவும் முடியாது, அவ்வளவு சூடாகிவிடும். செல்லின் மேல் ‘9,900’ என்று அச்சிட்டிருந்தால் தொடவே வேண்டாம். அந்த அளவுச் செல்லில் அவ்வளவு கொள்ளளவு கிடையாது.

நேர்மையான தயாரிப்புகளில் எஃப்எல்1 என்ற அளவீட்டு முறையைக் குறிப்பிட்டிருப்பார்கள். அதையும் புரிந்துகொண்டு படிக்க வேண்டும். அதில் ‘எரியும் நேரம்’ என்பது, வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரம். பத்து மணி நேரம் என்று போட்டிருந்தால் பத்து மணி நேரமும் ஒரே பிரகாசம் என்று அர்த்தமில்லை. ‘200 மீட்டர் தூரம்’ என்பதும் அப்படித்தான். 200 மீட்டரில் விழும் வெளிச்சம் கால் லக்ஸ், அதாவது பௌர்ணமி நிலவு அளவு. அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரியும், என்ன என்று தெரியாது. நான் அந்தத் தூரத்தைப் பாதியாக்கிப் பார்ப்பேன்.

சரி, நடக்க எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? படியோ ஒற்றையடிப் பாதையோ, 50 முதல் 150 லூமென் தாராளம். அந்த அளவில் விடியும் வரை எரியுமா என்று கேட்டு வாங்குங்கள். பொதுத் தங்கும் அறைகளில் தங்குகிறவர்களுக்கு ஒன்றிரண்டு லூமெனுக்குக் குறைக்கும் வசதியும் இருந்தால் நல்லது. நடுராத்திரியில் பையில் ஒரு மாத்திரையைத் தேட, பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவரை எழுப்ப வேண்டாம்.

அடுத்தது சார்ஜ் விஷயம். நம் ஊரில் பின்பக்கம் இரண்டு பின் நீளும் ரீசார்ஜ் டார்ச்சை வீட்டுக்கு வாங்குவோமே, அதை அப்படியே வெளிநாட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அது 230 வோல்ட்டுக்குச் செய்தது. ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120 வோல்ட். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வோல்ட் ஒத்துவந்தாலும் பிளக் பொருந்தாது, அங்கே தட்டையான மூன்று பின். யூஎஸ்பி-சி சார்ஜ் உள்ள டார்ச் என்றால் போன் சார்ஜரும் பவர் பேங்க்கும் போதும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மலிவான சில டார்ச்சுகளில் சி துளை இருக்கும், ஆனால் இரண்டு முனையும் சி ஆன கேபிளில் ஏறவே ஏறாது. பழைய தட்டை முனைக் கேபிளில் மட்டும்தான் ஏறும். புதிய போன் சார்ஜரை மட்டும் எடுத்துப் போனவர்கள் அங்கே போய் மாட்டிக்கொள்வார்கள். வாங்கிய அன்றே உங்கள் சார்ஜரில் போட்டுப் பாருங்கள்.

போன இடத்தில் செல் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பதும் தவறுதான், 18650 விஷயத்தில். மலையடிவாரப் பெட்டிக் கடையில் அது கிடைக்காது. பென்சில் செல், அதாவது டபுள் ஏ, உலகம் முழுக்கக் கிடைக்கும். அதனால் பல வாரம் ஊர் ஊராக அலைகிறவர்களுக்கு டபுள் ஏ டார்ச்சையே சொல்வேன். சாதாரண அல்கலைன் செல்லை மட்டும் பயணம் முடிந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். உள்ளேயே விட்டால் கசிந்து தகட்டை அரித்துவிடும். குளிரிலும் அது சோர்ந்துபோகும். ரீசார்ஜ் செய்ய முடியாத லித்தியம் டபுள் ஏ விலை அதிகம், ஆனால் எடை குறைவு, உறைகுளிரிலும் வேலை செய்யும்.

விமானத்தில் உதிரி லித்தியம் செல்களைச் செக்-இன் பையில் போடக் கூடாது. கையோடு கொண்டு போகும் பையில்தான் வைக்க வேண்டும், அதுவும் முனைகள் உலோகத்தில் படாதபடி சின்ன பிளாஸ்டிக் டப்பாவில். 100 வாட்-மணிக்குள் இருந்தால் தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை, நம் செல் 12 தான். டார்ச்சும் பைக்குள் தானாக எரிந்துவிடக் கூடாது. பல டார்ச்சுகளில் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தினால் மின்தொடர்பு அறுந்துவிடும். ஷாக் அடிக்கும் டார்ச், கத்தி சேர்ந்த டார்ச் என்று விற்பார்கள், அவற்றை எடுத்துப் போகாதீர்கள். பிரிட்டனில் ஷாக் டார்ச் தடை செய்யப்பட்ட ஆயுதம், கையில் வைத்திருப்பதே குற்றம்.

கையில் பிடிப்பதா, தலையில் மாட்டுவதா? போகிற இடம் தெரியாமல் இதை முடிவு செய்யாதீர்கள். மலேசியாவின் சபாவில் உள்ள கினபாலு மலையில் இரவு இரண்டரை மணி வாக்கில் கிளம்பி, 4,095 மீட்டர் உச்சியில் சூரிய உதயம் பார்ப்பார்கள். மேல்பகுதி முழுக்க வழுக்குப் பாறை, சில இடங்களில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். அங்கே இரண்டு கையும் உங்களுக்கு வேண்டும், ஹெட்லைட் இல்லாமல் போகவே கூடாது. ஆனால் மூடுபனி இறங்கிவிட்டால் நெற்றியில் இருக்கும் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணிலேயே திரும்பி அடிக்கும், எதிரே வெள்ளைச் சுவர் மாதிரி இருக்கும். அப்போது சின்ன டார்ச் ஒன்றை இடுப்புக்குக் கீழே பிடித்துத் தரையைப் பார்த்து அடித்தால் பாதை தெரியும். அதனால் நான் இரண்டும் வைத்துக்கொள்கிறேன், முடிந்தவரை ஒரே வகைச் செல் போடும்படியாக. போன் டார்ச்சை மூன்றாவதாகக்கூடக் கணக்கில் சேர்ப்பதில்லை. டிக்கெட், வரைபடம், அவசர அழைப்பு எல்லாம் அதில்தான் இருக்கிறது, அதன் சார்ஜைப் பாதையில் செலவழிக்கக் கூடாது.

மழைக்கு, தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபிஎக்ஸ் குறியீட்டைப் பாருங்கள். ஐபிஎக்ஸ்4 என்று இருந்தால் சாரலைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம். கூடுதல் விலை பெரிதாக இல்லாவிட்டால் இரண்டாவதை வாங்குங்கள், சார்ஜ் துளையின் ரப்பர் மூடியை அழுத்தி மூடியும் வையுங்கள்.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பாவது டார்ச் கையில் இருக்க வேண்டும். முழுக்க சார்ஜ் போட்டு, நீங்கள் நடக்கப் போகும் வெளிச்சத்தில் வைத்து, இரவு ஒன்பது மணிக்கு எரியவிட்டு மணிக்கொரு தரம் பாருங்கள். இரண்டு மணிக்கே மங்கினால் மாற்றி வாங்க நாள் இருக்கும்.