ஆர்சிங்க் பேக்கப்பில் கேஷ் ஃபோல்டரை விலக்கிய என் அனுபவம்

ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync) கருவியில் இரவு தொடங்கிய பேக்கப் விடிந்தும் முடியவில்லை. பார்த்தால், எக்ஸ்குளூட் (நகலில் சேர்க்காதே என்ற விதி) கொடுத்திருந்த கேஷ் (cache, தற்காலிக ஃபைல்கள்) ஃபோல்டரும் நகலாகிக்கொண்டிருந்தது. நான் சர்வரின் முழுப் பாதையை எழுதியிருந்தேன், தவறு அங்கேதான். ஆர்சிங்க் எக்ஸ்குளூடில் முதல் சாய்கோடு சர்வரின் ரூட்டை, அதாவது எல்லாவற்றுக்கும் மேலான ஃபோல்டரைக் குறிக்காது. நகலெடுக்கும் மூல ஃபோல்டரின் பாதை சாய்கோட்டில் முடிந்தால், அந்த ஃபோல்டரிலிருந்துதான் கணக்கு. சரி என்று, சாய்கோடு, கேஷ், மறுபடி சாய்கோடு என மாற்றினேன். வெறும் கேஷ் என்று எழுதியிருந்தால், எந்த ஆழத்தில் அந்தப் பெயர் இருந்தாலும் விட்டுப்போயிருக்கும். பேக்கப்பில் அதைவிட ஆபத்து இல்லை.

அப்புறம் ட்ரை ரன் (எதையும் நகலெடுக்காத ஒத்திகை) ஓட்டி, பட்டியலை வரிவரியாகப் பார்த்தேன், கேஷ் வரவில்லை. ஆனால் பேக்கப் டிஸ்க்கில் பழைய கேஷ் அப்படியே கிடந்தது. மூலத்தில் இல்லாததை பேக்கப்பிலிருந்து அழிக்கும் டிலீட் ஆப்ஷனை மட்டும் கொடுத்தால் விலக்கியவற்றைத் தொடாது. டிலீட்-எக்ஸ்குளூடட் சேர்த்த பிறகே இடம் காலியானது.