யார்சைட் தேதி ஒரு நாள் மாறிப்போனால்

எங்கள் யூத ஜெப ஆலயத்திலிருந்து போன யார்சைட் (யூத நாட்காட்டிப்படி ஆண்டுதோறும் வரும் நினைவுநாள்) கடிதங்கள் சிலவற்றில் தேதி ஒரு நாள் முந்தியிருந்தது. மென்பொருளைத் திட்டிப் பயனில்லை, கோளாறு பதிவில்தான். யூத நாள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும். நியூயார்க்கில் 2023 மார்ச் 5 பகலில் இறந்தவருக்கு யூத நாட்காட்டியின் ஆதார் மாதம் 12, அன்றிரவு 7.30-க்கு இறந்தவருக்கு ஆதார் 13. இறப்புச் சான்றிதழில் இருப்பதோ ஒரே தேதி.

எக்செல்லில் 'அஸ்தமனத்துக்குப் பின்பா?' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். அது காலியாக இருந்தால் கடிதம் அச்சாகாது. குடும்பத்தாரிடம் போன் செய்து நேரம் கேட்க வேண்டியதுதான்.

அடுத்த சிக்கல் ஆதார் மாதம். 19 ஆண்டுகளில் 7 முறை அது இரண்டாக வரும். மேற்சொன்ன ஆதார் 13-க்கு 2024-இல் அஷ்கெனாசியர் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபு யூதர்) பெரும்பாலும் முதல் ஆதாரை (பிப்ரவரி 22) எடுப்பார்கள், செபார்தியர் (ஸ்பெயின் மரபு யூதர்) இரண்டாவதை (மார்ச் 23). ஆகவே 'குடும்ப வழக்கம்' என்று இன்னொரு கட்டம். ஹெஷ்வான், கிஸ்லேவ் என்ற யூத மாதங்களின் 30-ஆம் நாள் சில ஆண்டுகளில் வரவே வராது. அவற்றைச் சிவப்பாக்கி ரபியிடம் (யூத மதகுரு) கொடுத்துவிடுகிறோம்.

கடிதத்தில் வெறும் 'மார்ச் 23' என்று போடாதீர்கள், 'மார்ச் 22 மாலை முதல்' என்று போடுங்கள். அந்த 22 வெள்ளிக்கிழமை, அன்று சூரியன் மறையும்போது சப்பாத் (ஓய்வுநாள்) தொடங்கிவிடும், பிறகு விளக்கேற்றக் கூடாது. அதனால் யார்சைட்டுக்கான 24 மணி நேர மெழுகுவர்த்தியை சப்பாத் விளக்குக்கு முன்பே ஏற்றியாக வேண்டும். ஆலயத்தில் இறந்தவர் பெயர்ப்பலகையின் சின்ன பல்பையும் அதற்குள் போட்டுவிட வேண்டும்.