எரிமலைக் கல்லைப் பார்த்து அதன் பிறப்பை அறிவது எப்படி

ஒரு கல் எரிமலையிலிருந்து வந்ததா, வந்ததென்றால் அமைதியாக வழிந்த குழம்பிலிருந்தா, வெடித்துச் சிதறிய குழம்பிலிருந்தா என்பதை ஆய்வுக்கூடம் இல்லாமலேயே பெருமளவு கண்டறிந்துவிடலாம். சுத்தியல் ஒன்று, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று, கொஞ்சம் தண்ணீர் இருந்தால் போதும். வெயிலிலும் மழையிலும் கிடந்த கல்லின் மேற்புறம் பெரும்பாலும் நிறம் மாறியிருக்கும். அதை நம்பக் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, ஓரத்தில் ஒரு சில்லைத் தட்டி எடுத்து, புதிதாக உடைந்த முகத்தை நனைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கவனிக்க வேண்டியது படிகங்களின் அளவு. சர்க்கரைப் பாகை நாள்கணக்கில் அசையாமல் வைத்தால் கற்கண்டு விளைகிறது. அதையே நன்கு காய்ச்சிக் குளிர்ந்த தட்டில் ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகிவிடுகிறது. பாறைக்குழம்புக்கும் இதே நியதிதான். நிலத்தின் ஆழத்தில் மிக மெதுவாகக் குளிர்ந்த குழம்பு, வெறுங்கண்ணுக்கே தெரியும் பெரிய படிகங்களைக் கொண்ட கிரானைட், கேப்ரோ போன்ற பாறைகளாகிறது. மேலே வந்து விரைவாகக் குளிர்ந்தது, லென்ஸ் வைத்தாலும் படிகம் பிரித்தறிய முடியாத பசால்ட்டாகவோ, ரையோலைட்டாகவோ ஆகிறது. படிகம் உருவாகவே அவகாசம் கிடைக்காதது அப்சிடியன் என்னும் எரிமலைக் கண்ணாடி. அதன் உடைந்த முகத்தில் சிப்பியின் உட்புறம்போல் வளைந்த வரிகள் தெரியும். நுண்ணிய கருமைக்கு நடுவே சில பெரிய படிகங்கள் மட்டும் பதிந்திருந்தால், அக்குழம்பு ஆழத்தில் சிறிது காலம் தங்கி, பிறகு வேகமாக மேலே வந்தது என்று கொள்ளலாம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைந்தாக வேண்டும். நம் காலடியில் நெருப்புக் கடல் ஒன்று கொதித்துக்கொண்டிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். மேலோட்டுக்குக் கீழுள்ள கவசம் பெரும்பாலும் திடப் பாறையே. வெப்பம் மிகுந்த அந்தப் பாறை மேல்நோக்கி நகரும்போது அழுத்தம் குறைவதாலோ, நீர் சேர்ந்து உருகுநிலை தாழ்வதாலோதான் அதன் ஒரு பகுதி உருகுகிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பொங்கிய குழம்பு முதல் வகை. போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாரன் தீவு இரண்டாம் வகை. இந்தியப் புவித்தட்டு கீழே அமிழ்கையில் வெளிவிடும் நீர் அந்த எரிமலைக்குக் குழம்பைத் தருகிறது. 1787-இல் அதன் சீற்றம் பதிவாகியுள்ளது. நெடுங்காலம் அடங்கிக் கிடந்து 1991-இல் மீண்டும் விழித்தது.

அடுத்தது நிறமும் எடையும். மணலில் மிகுதியாக உள்ள சிலிக்கா என்னும் பொருள் ஏறக்குறைய 50 விழுக்காடே உள்ள பசால்ட் கருமையாகவும் கையில் கனமாகவும் இருக்கும். 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வெளிவரும் அக்குழம்பு இளம்பாகுபோல் ஓடும். வாயு எளிதில் பிரிந்துவிடுவதால் பெரும்பாலும் வெடிப்பதில்லை. சிலிக்கா 70 விழுக்காட்டை எட்டும் ரையோலைட் பொதுவாக வெளிறிய நிறமுடையது. அதன் குழம்பு முற்றிய பாகுபோல் கெட்டியானது. அதில் அகப்பட்ட நீராவி வெளியேற வழியின்றி அழுத்தம் கூடிக்கூடி, இறுதியில் குழம்பையே நுரையாகவும் தூளாகவும் கிழித்தெறிகிறது. 1991 ஜூன் 15-ஆம் நாள் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடித்தது இத்தகைய சிலிக்கா மிகுந்த குழம்பினால்தான்.

அந்த நுரை இறுகியதே நுரைக்கல். தண்ணீரில் போட்டால் மிதக்கும். 1883-இல் வெடித்த இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலையின் நுரைக்கற்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரைவரை மிதந்து சென்றன. தூளானது சாம்பல். சுமத்ராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் கக்கிய சாம்பல், ஆந்திரத்தின் கர்நூல் பகுதியிலுள்ள ஜ்வாலாபுரத்தில் இன்றும் வெண்படிவமாகக் கிடக்கிறது.

கல்லில் துளைகள் இருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. செம்புரைக்கல்லிலும் துளை உண்டு. அது வெப்பமும் மழையும் மிகுந்த நிலத்தில் பாறை சிதைந்து உருவானது. பழைய உலைகளின் இரும்புக் கசடும் துளைகளோடு எரிமலைக் கல்போலவே தோன்றி ஏமாற்றும். நாம் பொதுவாகக் கருங்கல் என்று சொல்வதும் பசால்ட்டாக இருக்க வேண்டியதில்லை. பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் சார்னோகைட்டை உடைத்து வெயிலில் திருப்பினால் படிகத் தளங்கள் மினுங்கும். அது ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை.

உண்மையான பசால்ட்டைப் பழகிக்கொள்ளச் சிறந்த இடம், சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரவியுள்ள தக்காணப் பீடபூமியின் பசால்ட் பரப்புதான். அஜந்தா, எல்லோரா போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் சுத்தியலைத் தொடவே கூடாது. கண்ணால் பார்த்தாலே போதும். மும்பைக்கும் புனேவுக்கும் இடையிலான மலைச்சரிவு படிக்கட்டுபோல் தெரிவதற்குக் காரணம், குழம்பு ஓட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்ததே. ஓர் ஓட்டத்தின் நடுப்பகுதி கெட்டியாக, துளையின்றி இருக்கும். வாயுக் குமிழிகள் மேலேறித் தேங்கியதால் அதன் உச்சி துளைகளால் நிறைந்திருக்கும். பின்னர் கசிந்த நீர் அத்துளைகளில் ஜியோலைட் முதலிய வெண்கனிமங்களை நிரப்பியிருக்கும். சில இடங்களில் அதற்கும் மேலே செங்கல் நிறத்தில் ஒரு மெல்லிய அடுக்கு தென்படும். ஓர் ஓட்டம் குளிர்ந்து அதன் மேற்பரப்பு மண்ணாகச் சிதையும் அளவுக்கு எரிமலை ஓய்ந்திருந்ததை அது காட்டுகிறது. துளைகள் நிறைந்த உச்சிகளையும் இந்தச் சிவப்பு அடுக்குகளையும் கீழிருந்து மேலாக எண்ணிக்கொண்டே வந்தால், அந்தச் சரிவில் எத்தனை முறை குழம்பு வழிந்தது என்பதையும், எங்கெங்கே நீண்ட இடைவெளி விட்டது என்பதையும் நீங்களே குறித்துவிடலாம்.