ஓஈசிடியில் சேர வரும் நாட்டின் புள்ளிவிபரத்தை எடைபோடுவது எப்படி? நம்ம மலையகத்தை வைத்தே ஒரு பயிற்சி

ஹற்றன், தலவாக்கலை, பதுளைப் பக்கம் உயர்தரத்தில் பொருளியல் படிக்கிற பிள்ளைகளுக்கும், பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் புள்ளிவிபரப் பாடத்தைப் பார்த்து மிரண்டு நிற்கிறவர்களுக்கும்தான் இந்தப் பதிவு. கணக்கு பெரிதாகத் தெரியவேண்டியதில்லை. போனில் டேட்டா, ஒரு கொப்பி, இரண்டு பின்னேரம் இருந்தால் போதும்.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பில், அதாவது ஓஈசிடியில், ஒரு நாடு நினைத்தவுடன் சேர்ந்துவிட முடியாது. இருபதுக்கும் மேற்பட்ட குழுக்கள் அந்த நாட்டை வரி, சுற்றாடல், ஊழல் ஒழிப்பு என்று ஒவ்வொரு துறையாகத் துருவிப் பார்க்கும். அதில் ஒரு குழுவுக்குப் புள்ளிவிபரம் மட்டுமே வேலை. அது கேள்விக்கொத்து அனுப்பும், ஆட்களை நேரில் அனுப்பி விசாரிக்கும், பிறகு அறிக்கை எழுதும். லத்வியா (2016), லித்துவேனியா (2018), கொலம்பியா (2020), கொஸ்டாரிக்கா (2021) எல்லாம் இந்த வழியாகத்தான் உள்ளே போயின. நம்ம பக்கத்தில் இந்தோனேசியாவும் தாய்லாந்தும் இப்போது வரிசையில் நிற்கின்றன. இலங்கை அந்த வரிசையில் இல்லை. இருந்தாலும் பழகுவதற்கு நமக்குத் தெரிந்த நாட்டை விட நல்ல நாடு கிடையாது, ஏனென்றால் எண் எங்கே இடறுகிறது என்பது நமக்கு உடனே தெரியும்.

படி 1: சட்டத்தைத் தேடுங்கள்

எல்லோரும் நேரே எண்ணுக்குப் பாய்வார்கள். வேண்டாம், முதலில் சட்டம். புள்ளிவிபர அலுவலகத்தின் தலைவரை யார் நியமிக்கிறார், யார் நீக்கலாம், என்ன காரணத்துக்கு நீக்கலாம், வெளியிடுவதற்கு முன் அமைச்சர் எண்ணைப் பார்க்க முடியுமா, வீட்டுக்கு வந்து எழுதிக்கொண்டு போகிற விபரத்தை வேறு அலுவலகத்துக்குக் கொடுக்க முடியுமா? இந்தக் கேள்விகளுக்கான பதிலைக் கொப்பியில் எழுதுங்கள். ஓஈசிடி 2015இல் நல்ல புள்ளிவிபர நடைமுறைக்கு 12 பரிந்துரைகள் வெளியிட்டது, ஐக்கிய நாடுகளிடம் 1994இலிருந்தே 10 அடிப்படைக் கோட்பாடுகள் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையின் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் பிரித்தானியர் காலத்தில் உருவான இரண்டு கட்டளைச் சட்டங்களின் மேல்தான் நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கொஸ்டாரிக்கா உள்ளே போவதற்கு இரண்டு வருடம் முன், 2019இல், புள்ளிவிபரத்துக்குப் புதுச் சட்டமே கொண்டுவந்தது.

சட்டத்துக்கு ஏன் இவ்வளவு பாரம் கொடுக்கிறேன் என்றால் ஆர்ஜென்டீனாதான் காரணம். 2007இல் அரசு விலைச் சுட்டெண் பிரிவின் தலைமையை மாற்றியது, அதற்குப் பிறகு வந்த பணவீக்க எண்ணை ஊரில் யாரும் நம்பவில்லை. 2013இல் சர்வதேச நாணய நிதியம் தரவுக்காகப் பகிரங்கக் கண்டனம் செய்தது, 2016இல்தான் அது நீங்கியது. கிரேக்கத்தில் 2009ஆம் ஆண்டுக்கான அரச பற்றாக்குறை முதலில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3.7 சதவீதம் என்றார்கள், அதே வருடம் 12.5 என்றார்கள், கடைசியில் 15ஐயும் தாண்டியது. அந்த எண்ணைச் சரியாகக் கணக்கிட்டுக் கொடுத்த புள்ளிவிபரத் தலைவர் அந்திரேயாஸ் யோர்யியூ பல வருடங்கள் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருந்தது. உண்மையான எண்ணை எழுதுகிறவருக்குப் பாதுகாப்பு இல்லாத நாட்டில் மற்ற எல்லாப் படிகளும் வீண்.

படி 2: யார் எதைத் தயாரிக்கிறார்கள்

இது சின்ன வேலை. ஒரு அட்டவணை போடுங்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தி, விலைச் சுட்டெண், தொழிற்படை, சென்மதி நிலுவை (வெளிநாடுகளோடான வரவு செலவுக் கணக்கு), அரச நிதி என்று வரிசையாக எழுதி எதிரில் நிறுவனத்தின் பெயர். இலங்கையில் முதல் மூன்றும் திணைக்களத்திடம், சென்மதி நிலுவை மத்திய வங்கியிடம். ஒரே விஷயத்துக்கு இரண்டு இடத்தில் இரண்டு எண் வந்தால் சிவப்புப் பேனையால் வட்டம் போடுங்கள்.

படி 3: யார் எண்ணப்படவில்லை?

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும், அவசரப்படாதீர்கள்.

2001 தொகைமதிப்பு 25 மாவட்டங்களில் 18இல் மட்டும்தான் முழுமையாக நடந்தது, யுத்தத்தால் வடக்கு கிழக்கின் ஏழு மாவட்டங்களில் முழுமையாக எண்ண முடியவில்லை. ஆகவே 1981க்கும் 2012க்கும் இடையில் முழு நாட்டையும் எண்ணிய தொகைமதிப்பே இல்லை. ஒரு மதிப்பீட்டாளர் முதலில் எழுதவேண்டிய குறிப்பு இது.

அடுத்தது நம்ம கதை. திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. தோட்டம் என்றால் 20 ஏக்கர் அல்லது அதற்கு மேல், அங்கேயே குடியிருக்கும் தொழிலாளர் 10 பேராவது இருக்கவேண்டும். இந்த வரைவிலக்கணத்தை வைத்து யோசியுங்கள். ஹற்றன் டவுனுக்குக் குடிவந்துவிட்ட குடும்பம் தோட்டத்துறையில் வராது. தோட்டம் துண்டு துண்டாகப் போய், லயன் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) மட்டும் மிஞ்சியிருக்கிற இடமும் கிராமத்துக்குள் போய்விடலாம். அதனால் "தோட்டத்துறை" என்ற நிரலும் "மலையகத் தமிழர்" என்ற நிரலும் ஒன்றல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து எழுதப்பட்ட கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அந்தக் கட்டுரையை நம்பித்தான் பிறகு யாராவது திட்டம் போடுவார்கள்.

இன்னொன்று. தொகைமதிப்பில் மலையகத் தமிழருக்கு "இந்தியத் தமிழர்" என்றுதான் பெயர். 1971இல் அவர்கள் 11,74,606 பேர், 1981இல் 8,18,656 பேர். பத்து வருடத்தில் மூன்றரை இலட்சம் பேர் குறைவு. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் இதில் பெரும் பங்கு. ஆனால் தன்னை "இலங்கைத் தமிழர்" என்று பதிந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். கப்பலேறிப் போனவரும் படிவத்தில் வேறு கூட்டில் புள்ளடி போட்டவரும் ஒரே கழித்தலுக்குள் கிடக்கிறார்கள். ஒரு எண் திடீரென்று விழுந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: ஆட்கள் போனார்களா, பெயர் மாறியதா, எண்ணும் முறை மாறியதா? எந்த நாட்டுக்கும் இதே மூன்று கேள்விதான்.

படி 4: வரைவிலக்கணத்தைப் பிரித்துப் பாருங்கள்

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முறைப்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் கூலிக்கோ இலாபத்துக்கோ ஒரு மணித்தியாலம் வேலை செய்திருந்தாலே ஒருவர் தொழிலில் இருக்கிறார் என்று அர்த்தம். உலகம் முழுக்க இதே அளவுகோல் என்பதால்தான் நாடுகளை ஒப்பிட முடிகிறது, அந்த வகையில் அது சரி. ஆனால் மலையில் அந்த வாரம் இரண்டு நாள் மட்டும் பேர் (ஒரு நாள் கூலி) விழுந்த அக்காவும், கொழுந்து குறைவென்று அரைப் பேரோடு வீட்டுக்கு வந்த அம்மாவும் அந்தக் கணக்கில் வேலை உள்ளவர்கள்தான். ஆகவே வேலையின்மை வீதத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். வேலை செய்த மணித்தியாலம், குறைவேலை, மாத வருமானம் ஆகிய அட்டவணைகளை அந்த நாடு வெளியிடுகிறதா, அதையும் துறைவாரியாகப் பிரித்துத் தருகிறதா என்று பாருங்கள்.

வறுமையும் அப்படித்தான். 2016 கணக்கில் நாட்டின் வறுமை 4.1 சதவீதம், தோட்டத்துறையில் 8.8. 2019 கணக்கில் நாடு 14.3, தோட்டத்துறை 33.8. மூன்று வருடத்தில் தோட்டத்தில் வறுமை நாலு மடங்கு ஆகிவிட்டதா? இல்லை. இடையில் வறுமைக்கோட்டைப் புதுப்பித்தார்கள், முன்பு 2002ஐ ஒட்டிய கோடு, பிறகு 2012/13ஐ ஒட்டியது. எனவே இந்த இரண்டு வருடத்தையும் ஒரே வரைபடத்தில் கோடிழுத்து இணைக்கக்கூடாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: எந்தக் கோட்டில் அளந்தாலும் தோட்டத்துறை நாட்டின் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நாட்டுக்கு ஒற்றை எண் மட்டும் கொடுத்திருந்தால் இது வெளியே வந்திருக்குமா? பிரித்துக் காட்டுகிற தரவை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பது இதனால்தான்.

விலைவாசியில் ஒரு சின்ன சோதனை. கொழும்புச் சுட்டெண் கொழும்பு நகர்ப்புற வீடுகளின் செலவை வைத்துச் செய்தது, தேசியச் சுட்டெண் நாடு முழுவதற்கும். 2022 செப்டம்பரில் ஆண்டுப் பணவீக்கம் முதலாவதின்படி 69.8 சதவீதம், இரண்டாவதின்படி 73.7. செய்தியில் பெரும்பாலும் முதலாவதுதான் வரும். மஸ்கெலியாவில் மா வாங்குகிறவருக்கு எது பொருந்தும் என்று நீங்களே முடிவு பண்ணுங்கள்.

படி 5: நேரமும் திருத்தமும்

எந்தத் திகதியில் எந்த எண் வரும் என்று முன்கூட்டியே அட்டவணை இருக்கிறதா, அதன்படி வருகிறதா? நாணய நிதியத்தின் விசேட தரவுப் பரப்பல் நியமத்தில் இலங்கை 2015இல் இணைந்தது, அதனால் இதைச் சரிபார்ப்பது சுலபம். அப்புறம் திருத்தங்கள். எண்ணைத் திருத்துவது குற்றமில்லை, காரணம் சொல்லாமல் திருத்துவதுதான் குற்றம். நைஜீரியா 2014இல் அடியாண்டை (கணக்குக்கு அடிப்படையாக வைக்கிற ஆண்டை) மாற்றியபோது அதன் பொருளாதாரம் ஒரே நாளில் 89 சதவீதம் பெருத்தது. அதுவரை கணக்கில் வராத தொலைபேசிச் சேவையும் சினிமாவும் உள்ளே வந்ததும் அதற்கு ஒரு காரணம், அதை அவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள்.

படி 6: மறுபக்கத்துக் கணக்கோடு ஒப்பிடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி. இலங்கை துருக்கிக்கு இவ்வளவு தேயிலை அனுப்பினேன் என்கிறது, துருக்கி இவ்வளவு வந்தது என்கிறது. ஐக்கிய நாடுகளின் வர்த்தகத் தரவுத்தளத்தில் இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வாங்குகிற நாட்டின் பெறுமதி கொஞ்சம் கூடுதலாக இருப்பது வழமை, அவர்கள் கப்பல் கூலியையும் காப்புறுதியையும் சேர்ப்பார்கள். இடையில் வேறு துறைமுகத்தில் இறக்கி மறுபடி ஏற்றினால் நாட்டின் பெயரே மாறிவிடும். பெறுமதியோடு கிலோவையும் ஒப்பிடுங்கள், கிலோவில் கப்பல் கூலி கலக்காது. இதையெல்லாம் கழித்த பிறகும் பெரிய இடைவெளி நின்றால், அறிக்கையில் எழுத உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது.

படி 7: ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

"நல்லது", "மோசம்" என்று எழுதாதீர்கள். உண்மையான மதிப்பீடுகளில் குறை, அதற்கு ஆதாரம், திருத்த என்ன செய்யவேண்டும் என்றுதான் வரும். நான் எழுதினால் முதல் வரி இப்படி இருக்கும்: "தோட்டத்துறையின் வரைவிலக்கணம் இன்றைய குடியிருப்பு நிலைக்குப் பொருந்துகிறதா என்று திணைக்களம் மீளாய்வு செய்யவேண்டும், புதிய வரைவிலக்கணம் வந்தால் பழைய ஆண்டுகளுக்கும் அதன்படி கணக்கிட்டு வெளியிடவேண்டும்." இதே ஏழு படியையும் அடுத்து தாய்லாந்துக்கோ இந்தோனேசியாவுக்கோ செய்யுங்கள், முடித்ததும் கொலம்பியா அல்லது கொஸ்டாரிக்கா பற்றிய ஓஈசிடியின் அறிக்கையை இணையத்தில் எடுத்து, அவர்கள் கேட்டு நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விகளை மட்டும் கொப்பியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.